விளைவது இங்கே, வேவது அங்கே

ஓணம் நெருங்க நெருங்க மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம், பொள்ளாச்சி வட்டாரத்து நேந்திரன் தார்கள் லாரியேறிக் கேரளத்துக்குப் போய்விடுகின்றன. கன்னியாகுமரி, திருநெல்வேலித் தோட்டங்களின் நேந்திரனுக்கும் பெரிய சந்தை அந்தப் பக்கம்தான். கன்று நட்டு, பத்துப் பதினொரு மாதம் தண்ணீர் காட்டி, காற்றில் சாயாமல் கம்பு முட்டுக்கொடுத்து வளர்ப்பவர் தமிழ்நாட்டு விவசாயி. அந்தக் காயை எத்தனை விதமாக வேகவைக்கலாம் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது மலையாள வீட்டு அடுப்படி. நம்மிடம் நேந்திரன் என்றால் பேக்கரி வாசலில் பொரியும் சிப்ஸ், அதைத் தாண்டினால் குழந்தைக்கு ஒரு பழம். வாழையைப் பொறுத்தவரை தமிழ்ச் சமையல் இரண்டு முனைகளில் மட்டுமே நிற்கிறது. பச்சையாக இருந்தால் கறி, பழுத்துவிட்டால் உரித்துத் தின்பது. இடைப்பட்ட செங்காயும், தோல் கறுத்த முழுப்பழமும் நம் அடுப்பில் அனேகமாக ஏறுவதே இல்லை. இது சமையலுக்கும் நஷ்டம், சாகுபடிக்கும் நஷ்டம் என்பது என் வாதம். குமரி மாவட்டத்தை இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விலக்கிவிட வேண்டும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த அந்த மண்ணில் எரிசேரியும் புளிசேரியும் இன்றும் கல்யாணப் பந்தியில் இருக்கின்றன.

காய் பழமாகும்போது உள்ளே நடப்பதைப் பார்த்தால் இந்தக் குறை ஏன் குறை என்பது புரியும். பச்சை வாழைக்காயின் சதையில், தண்ணீர் போக மிச்சமிருப்பதில் பெரும்பகுதி மாவுச்சத்து. பழுக்கத் தொடங்கியதும் அது சர்க்கரையாக மாறுகிறது. பூவன், ரஸ்தாளி, பச்சைப்பழம் ஆகியவற்றில் இந்த மாற்றம் வேகமாக நடந்து கிட்டத்தட்ட முடிந்தும்விடும். தோல் மஞ்சளாகிச் சில நாளில் மாவு மிகச் சொற்பமே மிஞ்சும். நேந்திரன் அப்படியல்ல. தோல் மஞ்சளான பிறகும், ஏன், புள்ளி விழுந்த பிறகும் அதில் கணிசமான மாவு தங்கிவிடுகிறது. அதனால்தான் வெந்தாலும் குழையாமல் துண்டாகவே நிற்கிறது. வேகவைக்காமல் தின்றால் கொஞ்சம் கனத்து, தொண்டையில் தடுக்கிறது. இன்று நாம் உண்ணும் வாழைகள் பெரும்பாலும் மூசா அக்குமினாட்டா, மூசா பல்பிசியானா என்ற இரண்டு காட்டு இனங்களின் வழிவந்தவை. நேந்திரனில் முதலாவதன் பங்கு இரண்டு, இரண்டாவதன் பங்கு ஒன்று. நம் கறிவாழையான மொந்தனில் அது தலைகீழ். பூவனுக்கும் நேந்திரனுக்கும் ஒரே விகிதம்தான்; ஆனால் மரபணுக் கணக்கில் ஒரே வகுப்பில் உட்காரும் இரண்டும் வாணலியில் வேறு வேறாக நடந்துகொள்கின்றன. ஆகவே வாழை எதுவானாலும் சமைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மாவும் சர்க்கரையும் ஒரே காயில் சில நாள்கள் சேர்ந்து குடியிருக்கும் வகைகள் உண்டு. அந்த நாள்களைத்தான் நாம் வீணாக்குகிறோம் என்கிறேன்.

பச்சைக்காய் முனையில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்றே சொல்வேன். அரைவேக்காடாக அவித்துத் துருவி, இஞ்சி, பச்சைமிளகாய், தேங்காய் சேர்த்து உதிர்க்கும் பொடிமாஸ். தணலில் தோல் கருகச் சுட்டு, வறுத்த பருப்புடன் இடித்தெடுக்கும் வாழைக்காய்ப் பொடி. சோம்பும் மிளகும் மணக்கும் செட்டிநாட்டு வறுவல். யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பாலில் வேகும் மொந்தன் பால்கறி. மழை பெய்தால் நினைவுக்கு வரும் பஜ்ஜி. இவற்றுக்குப் பின்னால் நல்ல கைத்திறன் இருக்கிறது. நறுக்கிய காயை மோர்கலந்த தண்ணீரில் போடுவது கறுக்காமல் காக்கிறது. புளித்தண்ணீரில் வேகவைப்பதால் துண்டு சீக்கிரம் கரைவதில்லை. புளிப்பு இருக்கும் இடத்தில் காய் மெதுவாகத்தான் மிருதுவாகும். இவ்வளவு கண்டுபிடித்தவர்கள் காய் கொஞ்சம் மஞ்சள் தட்டியதும் அதை ஏன் அடுப்பங்கரையிலிருந்து கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது வியப்புதான். மொந்தனையே நம்பி வளர்ந்த சமையல் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பழுத்தபின் தின்பதற்குப் பூவனும் ரஸ்தாளியும் தாராளமாகக் கிடைத்தது இன்னொன்று. பழம் தேடி மலையேறுகிறவர்கள் நாம். தமிழ்நாட்டில் புவிசார் குறியீடு பெற்ற விருப்பாச்சி, சிறுமலை, குமரி மட்டி மூன்றுமே உரித்துத் தின்னும் பழங்கள். 2019இல் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தமும் வாழைப்பழத்தை அடுப்பில் ஏற்றாமல் பிசைந்து செய்வதுதான்.

கேரளத்து ஓண இலையை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். இலை வாழை. இடது ஓரத்தில் உப்பேரி வாழை, அதன் பக்கத்தில் சர்க்கரை வரட்டி வாழை. அவியலில் பச்சைக்காய், காளனில் சேனையோடு பச்சைக்காய், கடைசியில் பழப் பிரதமன், கூடவே ஒரு பழம். ஒரே பயிர் உப்பாக, புளிப்பாக, இனிப்பாக மாறி மாறி வந்தும் உண்பவருக்குச் சலிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு முதிர்ச்சி எடுத்திருப்பதே காரணம். உப்பேரிக்கு நன்கு விளைந்த பச்சைக்காய் வேண்டும். சர்க்கரை வரட்டிக்கும் அதேதான், ஆனால் தடித்த துண்டாக, நிதானமான தீயில் உள்வரை முறுகப் பொரித்து, வெல்லப்பாகும் சுக்கும் ஏலமும் சேர்த்துப் புரட்டுவார்கள். பிரதமனுக்குப் பழுத்த நேந்திரனை வேகவைத்து மசித்து, வெல்லமும் நெய்யும் விட்டுக் கையசராமல் வரட்டி, மூன்றாம் பால், இரண்டாம் பால் என்று தேங்காய்ப்பாலை இறக்குவார்கள். முதல் பாலை ஊற்றியபின் கொதிக்க விடுவதில்லை. மலபார்ப் பக்கத்து உன்னக்காய் இன்னும் நுட்பமானது. அதிகம் பழுத்துவிடாத பழத்தை அவித்துப் பிசைந்து, தேங்காய், சர்க்கரை, முந்திரி பொதிந்து, கதிர்போல உருட்டிப் பொரிப்பது. பழம் ஒரு நாள் கூடுதலாகப் பழுத்துவிட்டால் உருண்டை எண்ணெயில் பிரிந்துவிடும். அந்த ஒரு நாளைக் கணிக்கும் கண்தான் நான் சொல்லும் சமையல் அறிவு.

இவை எல்லாவற்றையும்விட என் வாதத்துக்கு உதவுவது பழப் புளிசேரி. பழுத்த நேந்திரனைத் துண்டாக்கி, மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் உப்பும் போட்டு வேகவைக்கிறார்கள். தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்துச் சேர்த்து, புளித்த தயிரைக் கடைந்து ஊற்றி, நுரை கூடும்போதே இறக்கி, கடுகு, வெந்தயம், வற்றல்மிளகாய் தாளிக்கிறார்கள். நம் மோர்க்குழம்பிலிருந்து இது வெகு தூரத்தில் இல்லை. வெண்டைக்காயோ பூசணியோ இருக்கும் இடத்தில் பழம் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் உண்ணும்போது நடப்பது வேறு. தயிரின் புளிப்பும் மிளகாயின் காரமும் கூர்மையாக வரும் நேரத்தில், கடித்த துண்டிலிருந்து இனிப்பு மெதுவாகக் கசிகிறது. குழம்பில் வெல்லம் கரைத்திருந்தால் எல்லாமே ஒரே தித்திப்பாகியிருக்கும். இங்கே இனிப்பு துண்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, அதை அடக்கிவைத்திருப்பது நேந்திரனில் மிஞ்சிய மாவு. பூவனைப் போட்டால் இது நடக்காது, கரைந்து கூழாகிவிடும்.

கேரளம் ஒன்றுதான் இப்படி என்றால் வட்டாரப் பழக்கம் என்று தள்ளிவிடலாம். ஆசியாவில் பிறந்த வாழை கடல்கடந்து போய் மத்திய, மேற்கு ஆப்பிரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட சமையல் வாழை வகைகளாகக் கிளைத்திருக்கிறது. கானாவில் பழுத்த வாழையைச் சிறு துண்டாக்கி, இஞ்சி, மிளகாய், உப்பு, கிராம்பு பிசறிப் பொரித்துக் கெலெவெலே என்று தெருவோரம் விற்கிறார்கள். உடன் தின்ன வறுத்த நிலக்கடலை. நைஜீரியாவின் டோடோவும் ஐவரிகோஸ்டின் அலோக்கோவும் பழுத்த துண்டைப் பொரித்துச் சோற்றோடும் மீனோடும் வைப்பவை. கரீபியக் கடலில் காய் ஒருவிதம், பழம் இன்னொருவிதம். பச்சையாக இருந்தால் ஒருமுறை பொரித்து, தட்டையாக அழுத்தி, மறுமுறை பொரித்து உப்புத் தூவிய தோஸ்தோனெஸ். டொமினிக்கக் குடியரசில் காலை உணவுக்கு அவித்து மசித்த மங்கூ, மேலே வினிகரில் ஊறிய சிவப்பு வெங்காயம். தோல் கறுத்த பழம் என்றால் போர்ட்டோ ரிக்கோவில் அதை நீளவாக்கில் சீவிப் பொரித்து, இடையிடையே காரமான கொத்துக்கறி அடுக்கிச் சுடுகிறார்கள். மலையாளியும் கானாக்காரரும் ஒருவரைப் பார்த்து மற்றவர் கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. மாவும் இனிப்பும் கலந்த பொருளைக் கையில் கொடுத்தால் காரமும் புளிப்பும் உப்பும் தானாகவே அதைத் தேடிவரும் என்பதற்கு இது போதுமான சாட்சி.

சோற்றோடு இனிப்பா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. தமிழ் நாக்குக்குக் குழம்பில் தித்திப்பு ஒவ்வாது என்பார்கள். கன்னடத்துச் சாம்பாரைக் கேலி செய்வதில் நமக்கு ஒரு தனி இன்பமே இருக்கிறது. ஆனால் சித்திரை முதல் நாள் இலையில் வெல்லம் போட்ட மாங்காய்ப் பச்சடி வைப்பது யார்? வத்தக்குழம்பு கொதித்து இறங்கும் நேரத்தில் சிறு துண்டு வெல்லம் நழுவவிடும் வீடுகள் எத்தனை? பரங்கிக்காய்ப் புளிக்கூட்டு, சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பொரியல் எல்லாம் தித்திப்புக்காய்களே. புளிப்போ காரமோ பக்கத்தில் இருந்தால் நாம் இனிப்பைப் பொறுத்துக்கொள்வதோடு நிற்பதில்லை, தேடியும் உண்கிறோம். உண்மையில் நம்மைத் தடுப்பது நாக்கு அல்ல, வகைப்பாடு. வாழைப்பழம் பூஜைத் தட்டுக்கும் வெற்றிலைப் பாக்குக்கும் உரியது என்று ஒதுக்கிவைத்தாயிற்று. அதற்குக் கடுகு தாளிப்பது ஏதோ மரியாதைக் குறைவுபோலத் தோன்றுகிறது. மாம்பழத்துக்கு அந்த மரியாதையை நாம் கொடுக்கவில்லை என்பதையும் கவனிக்கலாம். மாம்பழ மோர்க்குழம்பு வைக்கும் வீடுகள் தமிழ்நாட்டிலேயே உண்டு.

வாயு என்ற மறுப்பு இன்னும் பலமானது, அதில் உண்மையும் இருக்கிறது. பச்சை வாழைக்காயின் மாவில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைக்கும்போது வாயு உண்டாகிறது. காயோடு பெருங்காயமும் இஞ்சியும் மிளகும் சேர்க்கச் சொன்ன பாட்டிமார் அனுபவத்தில் கண்டதைத்தான் சொன்னார்கள். ஆனால் இந்த மறுப்பு என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. காய் பழுக்கப் பழுக்க அந்தச் செரிக்காத மாவு குறைந்துகொண்டே வருகிறது. வேகும்போது மேலும் குறைகிறது. வாயுவுக்குப் பயந்து வாழைக்காயை ஒதுக்கும் வீட்டுக்கு, நாலைந்து நாள் பழுத்த நேந்திரனை ஆவியில் வேகவைத்துக் கொடுப்பது எளிய மாற்று. கேரளத்தில் காலைப் புட்டோடு அவித்த நேந்திரன் பழம் தின்பதை யாரும் வயிற்றுக்குக் கேடு என்று சொல்லிக் கேட்டதில்லை.

நீரிழிவைக் காட்டி மறுப்பவர்களுக்கு இவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மாவு சர்க்கரையாவதுதான் பழுப்பது. எனவே முதிர்ச்சி ஏற ஏற இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகமும் கூடும். பிரதமனையும் பழம்பொரியையும் நீரிழிவு உள்ளவருக்கு நான் சிபாரிசு செய்யப்போவதில்லை. ஆனால் பருவம் பார்த்துச் சமைப்பது இவர்களுக்கும்தான் உதவும். பச்சைக்காயும் செங்காயும் வேறு வேறு பண்டங்கள் என்று தெரிந்தவர்தான் தனக்கு எது, எவ்வளவு என்று தீர்மானிக்க முடியும். மேலும், தட்டில் சோற்றின் இடத்தை அவித்த நேந்திரன் எடுத்துக்கொண்டால் ஒரு கணக்கு, சோற்றுக்கு மேல் கூடுதலாக வந்தால் வேறு கணக்கு. நம் உண்மையான பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. நேந்திரனுக்கு நாம் கொடுத்திருக்கும் ஒரே பெரிய வடிவம் எண்ணெயில் பொரிந்த சிப்ஸ். உடல்நலத்தைக் காட்டிப் பழப் புளிசேரியை மறுத்துவிட்டு, அதே கையால் கால்கிலோ சிப்ஸ் பொட்டலம் வாங்குவதை என்னவென்று சொல்வது?

விலைக்கு வருவோம். நேந்திரன் கிலோ கணக்கில் பூவனைவிட விலை கூடியது, அதற்குக் காரணம் மரத்திலேயே இருக்கிறது. ஒரு பூவன் தார் 20 கிலோவைத் தாண்டும், காய்கள் 150க்கும் மேல். நேந்திரன் தார் 12 முதல் 15 கிலோ, நாலு முதல் ஆறு சீப்புதான். அதே நிலம், அதே தண்ணீர், குறைந்த எடை. விலை சரிந்தால் விவசாயிக்கு வலி அதிகம். கேரள அரசு 2020 நவம்பரில் 16 விளைபொருள்களுக்கு அடிப்படை விலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது அந்தப் பட்டியலில் மரவள்ளிக்கும் தக்காளிக்கும் பக்கத்தில் நேந்திரனும் இருந்தது, கிலோவுக்கு 30 ரூபாய் என்று. அங்கே அது அன்றாடச் சமையல் பொருள், ஆகவே அரசின் கவலைக்குள்ளும் வருகிறது. நம் விவசாயியோ வாங்கும் கை ஒன்றை மட்டுமே நம்பியிருக்கிறார். ஓணம் முடிந்ததும், அல்லது அந்தப் பக்கம் விளைச்சல் பெருகியதும், அந்தக் கை சுருங்கிவிடுகிறது. உள்ளூர் அடுப்பு இரண்டாவது சந்தையாக இருந்தால் பேரம் கொஞ்சமாவது சமனாகும். ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் விளைவித்து உலகிலேயே முதலிடத்தில் இருக்கும் இந்தியா அதில் மிகப் பெரும்பகுதியைத் தானே உண்கிறது. ஏற்றுமதிக் கனவு பேசும் நேரத்தில் பாதியையாவது பக்கத்து வீட்டு அடுப்பைப் பற்றி யோசிக்கச் செலவிடலாம். திருச்சியில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இங்கேதான் இருக்கிறது; ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை, ஆராய்ச்சி சமையலறைக்கு இறங்கிவரும் படிக்கட்டுதான் இல்லை.

விலை கூடுதல் என்பவர் ஒன்றைக் கணக்கில் விட்டுவிடுகிறார். பூவன் சீப்பு ஒன்று வாங்கினால் எல்லாம் ஒரே சமயத்தில் கனிந்து, கடைசி நாலு பழத்தில் ஈ மொய்க்கும். நேந்திரனைப் பச்சையாக ஒரு சீப்பு வாங்கிவைத்தால் அது வீட்டிலேயே ஒவ்வொரு பருவமாகக் கடக்கிறது. வந்த அன்று இரண்டு காய் பொரியலுக்கு. பச்சை போய் மஞ்சள் படரும்போது இரண்டு, தேங்காய் அரைத்துக் கூட்டாக. முழுமஞ்சளில் புளிசேரி. புள்ளி விழுந்ததும் ஆவியில் வேகவைத்துக் காலை உணவு. தோல் கறுத்து, அழுத்தினால் குழியும் நிலையில் அப்பத்துக்கோ பணியாரத்துக்கோ, வெல்லத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். கார்த்திகைக்குப் பழம் பிசைந்து அப்பம் சுடுகிற வீட்டுக்கு இந்தக் கடைசிப் பருவம் புதிதும் அல்ல. ஒரே எச்சரிக்கை, குளிர்பெட்டி. சுமார் 13 டிகிரிக்குக் கீழே வாழைக்கு ஆகாது. பச்சைக்காயை உள்ளே வைத்தால் தோல் கறுக்கும், சதை பழுக்காது, பருவக் கணக்கே குலைந்துவிடும்.

கணக்கைக் குலைப்பது இன்னொன்று, கால்சியம் கார்பைடு. சட்டப்படி தடைசெய்யப்பட்ட இந்தக் கல்லை வைத்துப் பழுக்கவைத்தால் மேல்தோல் மஞ்சளாகும், உள்ளே காயாகவே இருக்கும். உரித்துத் தின்பவர் ருசியில்லை என்று அத்தோடு விட்டுவிடுவார். பருவம் பார்த்துச் சமைப்பவருக்கோ குழம்பே தவறிப்போகும். அனுமதிக்கப்பட்ட எத்திலீன் வாயு அறையில் முறையாகப் பழுத்ததற்கு இந்தக் குறை குறைவு. பச்சையாக வாங்கி வீட்டில் பழுக்கவைத்தால் இந்தச் சந்தேகமே எழாது. ஆனால் ஒரு பழம் மட்டும் வாங்குகிறவர், தனியாகச் சமைத்துக்கொள்ளும் மாணவர், முதியவர் ஆகியோருக்கு அது சாத்தியமில்லை. அவர்களுக்காகக் கடைக்காரர்தான் மாற வேண்டும். இன்று நம் காய்கறிக் கடையில் வாழைக்காய்க்கு ஒரு கூடை, பழக்கடையில் தொங்கும் தார் ஒன்று. இடையில் எதுவும் இல்லை. தோல் கறுத்த நேந்திரன் கழிவாகக் கருதப்பட்டு மாட்டுக்கோ குப்பைக்கோ போகிறது. 1999இல் தொடங்கிய உழவர் சந்தைகளில் விவசாயியே விற்பதால் இந்த மாற்றத்தை அங்கிருந்து தொடங்குவது எளிது. பச்சை, செங்காய், கனிந்தது என்று நேந்திரனை மூன்று குவியலாக வைத்து, விலைப்பலகையில் மூன்று வரி எழுதினால் போதும். கறுத்த குவியலின் வரியில் விலைக்குப் பக்கத்தில் ‘அப்பத்துக்கு’ என்றும் எழுதிவைக்கலாம்.